ராக்கெட்ஸ் 2018: வெளியிலிருந்து எறிவதா, உள்ளே புகுவதா?

2018 மே 28, ஹூஸ்டன், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் மேற்கு கான்ஃபரன்ஸ் இறுதியின் ஏழாவது ஆட்டம், ஹூஸ்டன் ராக்கெட்ஸும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும். ராக்கெட்ஸ் 44 த்ரீ (கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சு) எறிந்ததில் 7 தான் விழுந்தது, அதில் தொடர்ச்சியாக 27 தவறியது, கடைசியில் வாரியர்ஸ் 101-92 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள். இதைத் துரதிர்ஷ்டம் என்று முடித்துவிடுபவர்கள் நிறைய. எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

முதலில் ராக்கெட்ஸ் கோச் மைக் டான்டோனி பக்கத்து நியாயம். 35 சதவீதம் விழும் த்ரீ, எறிக்கு 1.05 புள்ளி தரும். பாதிக்குப் பாதி விழும் இரண்டு புள்ளி வீச்சு சரியாக 1 தான் தரும். அந்தக் கணக்கை நம்பித்தான் அந்த சீசனில் 65 வெற்றி, லீகிலேயே அதிகம். அணியின் முக்கிய வீரர் கிறிஸ் பால் வேறு தொடைத் தசைக் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார். வேலை செய்த வழியை ஏழாவது ஆட்டத்தில் எந்தக் கோச் தூக்கிப் போடுவார்?

சரி, ஆனால் அன்றைக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். ராக்கெட்ஸின் நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டன் த்ரீயில் 13-க்கு 2, மற்ற வீச்சுகளில் 16-க்கு 10. அதாவது உள்ளே புகுந்தபோது எறிக்கு 1.25 புள்ளி, வெளியே நின்றபோது அரைப் புள்ளிக்கும் கீழே. அணியின் சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆள்) கபேலா கூடைக்கு அடியிலேயே நின்று 20 புள்ளி எடுத்தார். இன்னொரு ராக்கெட்ஸ் வீரர் அரிசா மொத்தமாக 12-க்கு 0. இவ்வளவும் கண் முன்னால் நடக்கிறது, ஆனாலும் ஹார்டன் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பார், வாரியர்ஸின் ஸ்டீஃபன் கர்ரியை ஸ்விட்சில் (காப்பவர்கள் ஆள் மாற்றிக்கொள்வது) இழுத்துவிட ஒரு ஸ்கிரீன் (காப்பவரைச் சக வீரர் மறித்து நிற்பது) வரும், ஷாட் கிளாக் (எறிய உள்ள நேரம்) கரையும், அப்புறம் பின்னால் ஒரு அடி வைத்து ஒரு த்ரீ, இல்லாவிட்டால் மூலையில் நிற்பவருக்குப் பாஸ் போய் அவர் ஒரு த்ரீ, அதே காட்சிதான் திரும்பத் திரும்ப.

இந்த ஐசோலேஷனுக்கு ஒரு நன்மை உண்டு, பந்து பறிபோவது குறைவு. ஆனால் ஒருவர் ஆட நால்வர் வேடிக்கை பார்ப்பதால், கால் சோர்ந்த நேரத்தில் எறிபவனுக்கு எந்தத் தாளமும் இருக்காது. உள்ளே புகுந்தால் ஃப்ரீ த்ரோ கிடைக்கும், எதிரணிக்கு ஃபவுல் ஏறும், முக்கியமாகக் கடிகாரம் நிற்கும். வாரியர்ஸ் எல்லா ஸ்கிரீனுக்கும் ஸ்விட்ச் செய்ததால் கபேலாவுக்கு லாப் (கூடைக்கு அருகே உயரமாகப் போடும் பாஸ்) போடுவது கஷ்டம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்விட்சுக்குப் பிறகு அவரைக் காப்பது பெரும்பாலும் குள்ளமான ஆள்தானே?

பலரும் நான்காம் குவார்ட்டரைத் திட்டுகிறார்கள். என் கணக்கில் தப்பு மூன்றாவதிலேயே ஆரம்பித்துவிட்டது. இடைவேளையில் ராக்கெட்ஸ் 54-43 என்று முன்னிலை. முன்னால் இருப்பவனுக்குத் தேவை ஏற்ற இறக்கம் குறைந்த வீச்சு. சூதாட வேண்டியவன் பின்னால் இருப்பவன். மூன்றாவதை 33-15 என்று விட்டார்கள், வாரியர்ஸ் 76-69 என்று முன்னால் போனார்கள். அப்போதும் ஏழு புள்ளிதான், 12 நிமிடம் பாக்கி.

இதோடு 2011 என்பிஏ இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தை வைத்துப் பார்க்கலாம். மயாமியில் ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்போது டல்லஸ் 15 புள்ளி பின்னால். பின்னால் இருந்தும் டல்லஸ் கோச் ரிக் கார்லைலின் ஆட்கள் த்ரீயை மட்டும் நம்பவில்லை, தடுப்பு, வேகம், நட்சத்திரம் நோவிட்ஸ்கி என்று 22-5 ஓட்டம். வெற்றிப் புள்ளி, 3.6 வினாடி மீதமிருக்க, நோவிட்ஸ்கி காயம்பட்ட இடது கையால் வைத்த லேஅப் (கூடைக்கு அருகிலிருந்து போடுவது), 95-93. அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் மயாமியின் லெப்ரானும் வேடும் மாறி மாறிப் பந்தைப் பிடித்துக்கொண்டு தூர வீச்சில் முடித்துக்கொண்டிருந்தார்கள், ஹூஸ்டன் வியாதியேதான். மயாமி கோச் ஸ்போல்ஸ்ட்ரா அடுத்த வருடம் கிறிஸ் பாஷ் என்ற வீரரை சென்டரில் நிறுத்தி ஆட்டத்தையே விரித்தார், 2012, 2013 இரண்டிலும் கோப்பை.

டான்டோனி என்ன செய்தார்? 2019-ல் நட்சத்திரம் டுரான்ட் இல்லாத வாரியர்ஸிடம் ஆறாவது ஆட்டத்தில் மறுபடி தோல்வி. 2020-ல் ராக்கெட்ஸ் கபேலாவையே விற்றுவிட்டு, சென்டரே இல்லாமல் ஆடி, லேக்கர்ஸிடம் 4-1. கபேலாவை விற்றது நிர்வாகம்தான், ஆனால் கோச்சும் அதே திசையில்தான் நின்றார்.

என் தேர்வு கேட்டால்: 54-43-ல் ஹார்டனை உள்ளே அனுப்புவேன், தொடர்ந்து ஐந்தாறு எறி தவறினாலே டைம் அவுட் கேட்பேன், மூலையில் அரிசாவுக்குப் பதில் வேறு யாரையாவது நிறுத்துவேன். இரண்டு நிமிடம் இருக்கும்போது பத்துப் புள்ளி பின்னால் இருந்தால், அப்போது தாராளமாக எறியட்டும், அதில் எனக்கு டான்டோனியோடு சண்டையே இல்லை.