டிரோபோனினா, என்டி-புரோபிஎன்பியா: முதியவரின் போக்கை முன்னறிவிப்பது எது?

எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், ஈசிஜிக்கு அடுத்தபடியாக இரண்டு ரத்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. ஒன்று டிரோபோனின், மற்றொன்று பிஎன்பி அல்லது என்டி-புரோபிஎன்பி. நோயைக் கண்டறிவதில் இவற்றின் பயன் பரவலாக அறியப்பட்டதே. அந்த முதியவர் தேறுவாரா, மீண்டும் மருத்துவமனைக்கு வர நேருமா என்பதைக் கணிப்பதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி.

டிரோபோனின் இதயத் தசை சுருங்குவதில் பங்கேற்கும் புரதம். தசைச் செல்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கலக்கிறது. உயர் உணர்திறன் கொண்ட டிரோபோனின்-டி பரிசோதனையில் லிட்டருக்கு 14 நானோகிராம் என்பது நலமாக உள்ளோரில் 99 விழுக்காட்டினர் தாண்டாத எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் முதியோரில், இதய நோய் வெளிப்படையாக இல்லாதவர்களிலும் கணிசமானோர் இந்த எல்லைக்கு மேலேயே இருக்கிறார்கள். நாட்பட்ட சிறுநீரக நோய், நிமோனியா, ரத்தத்தில் பரவிய தொற்று, கடும் ரத்தசோகை ஆகிய எதுவும் அளவை உயர்த்தக்கூடும். இதனால்தான் 2018-இல் வெளியான மாரடைப்புக்கான நான்காம் உலகளாவிய வரையறை, அளவு சில மணி நேரத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும், இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்குத் தனிச் சான்று உண்டா என்பதையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது.

மாரடைப்பு இல்லை என்று உறுதியானவுடன் உயர்ந்த டிரோபோனினை ஒதுக்கிவிடும் வழக்கம் எனக்கு ஏற்புடையதன்று. மாரடைப்பு அல்லாத காரணத்தால் டிரோபோனின் உயர்ந்தவர்களின் நீண்டகாலப் போக்கு, மாரடைப்பு வந்தவர்களின் போக்கைவிடச் சிறந்ததாக இல்லை. பெரும்பாலும் அதைவிட மோசமாகவே இருக்கிறது. அவர்களில் பலர் இறப்பதோ இதயம் சாராத காரணங்களால். அதாவது இந்த எண், உடல் முழுவதும் தாங்கும் சுமையைக் காட்டுகிறதே தவிர, எந்தச் சிகிச்சை அச்சுமையைக் குறைக்கும் என்று காட்டுவதில்லை.

என்டி-புரோபிஎன்பி, இதய அறைகளின் சுவர் அழுத்தத்தால் விரியும்போது சுரக்கும் பிஎன்பி என்னும் ஹார்மோனோடு சேர்ந்து பிரியும் துண்டு. (பிஎன்பி 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் முதலில் பன்றியின் மூளையில் கண்டறியப்பட்டது, பெயரில் உள்ள 'பி', மூளையைக் குறிக்கும் 'பிரெயின்' என்பதன் எச்சம்.) திடீர் மூச்சுத் திணறலில் அளவு மில்லிலிட்டருக்கு 300 பிகோகிராமுக்குக் கீழ் இருந்தால், எந்த வயதிலும் இதயச் செயலிழப்பை, அதாவது இதயம் போதிய ரத்தத்தை இறைக்க இயலாத நிலையை, ஏறத்தாழ விலக்கிவிடலாம். அது உண்டு என்று கொள்வதற்கான எல்லையோ வயதோடு உயர்கிறது: 50 வயதுக்குக் கீழ் 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேல் 1800. முதுமைக்கென்று இப்படித் தனி அளவுகோல் வகுக்கப்பட்டிருப்பது இதன் பெரும்பலம்.

குறைகளும் உண்டு. சிறுநீரகத் தளர்ச்சியும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற துடிப்பும் அளவை உயர்த்தும், உடற்பருமன் தாழ்த்தும். இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை உட்கொள்பவரிடம் பிஎன்பி உயரக்கூடும் என்பதால், அவருக்கு என்டி-புரோபிஎன்பியே பொருத்தம்.

இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட முதியவரின் எதிர்காலத்தைக் கணிக்க ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நான் என்டி-புரோபிஎன்பியையே தேர்வேன். அதிலும் சேர்ந்த நாளின் அளவைவிட வீடு திரும்பும் நாளின் அளவையே நம்புவேன். இடைப்பட்ட நாட்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தவர்களின் போக்கு, குறையாதவர்களுடையதைவிட நன்றாக இருக்கிறது.

ஆனால் முன்னறிவிப்பது வேறு, சிகிச்சைக்கு வழிகாட்டுவது வேறு. அறுபது வயதைக் கடந்தோரிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான டைம்-சிஎச்எஃப் ஆய்வில், இந்த எண்ணைத் தாழ்த்துவதையே இலக்காக வைத்து மருந்துகளைக் கூட்டியது 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பலன் தரவில்லை. இதே முறையைச் சோதித்து 2017-இல் வெளியான கைட்-இட் ஆய்வு, பலன் தெரியாததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

அறுவை சிகிச்சை என்று வரும்போது போட்டி மறைந்து, இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. கனடாவின் 2017 வழிகாட்டுதல், இதயம் சாராத பெரிய அறுவைக்கு முன் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவர்களுக்கு என்டி-புரோபிஎன்பி பார்க்கச் சொல்கிறது. 300-ஐத் தொட்டால், அறுவைக்குப் பின் 48 முதல் 72 மணி நேரம் வரை நாள்தோறும் டிரோபோனின் பார்க்க வேண்டும். வலி மருந்தின் மயக்கத்தில் இருப்பவர் நெஞ்சுவலியைச் சொல்லமாட்டார் என்பதால் இந்த ஏற்பாடு மிகத் தேவையானது.

இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட மூதாட்டி அதற்கு முன்பு தானாக நடந்து சமைத்தவரா, பிறர் துணையோடு நடந்தவரா என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கனடாவின் முதியோர் மருத்துவர் கென்னத் ராக்வுட் குழுவினர் 2005-இல் வெளியிட்ட தளர்வு அளவுகோல், சில கேள்விகளிலேயே அதை மதிப்பிட்டுவிடுகிறது. அந்த மதிப்பும், வீடு திரும்பும் நாளின் என்டி-புரோபிஎன்பி அளவும், சிறுநீரகச் செயல்பாட்டின் அளவும் டிஸ்சார்ஜ் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தால், அடுத்த முறை அவசரப் பிரிவுக்கு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு ஓர் அடிப்படை கிடைக்கும். உறவினர்கள் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.