ஆறரை வருஷம், ஏழு ஜோடி ஷூ

எங்கள் கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் இருக்கும் அண்ணன் ஒருவர் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: “இன்னாப்பா, நீயும் வருஷக்கணக்கா ஓடிக்கினே இருக்கே, இன்னா கண்டே?” வாயில் சோறு இருந்ததால் சிரித்துத் தப்பித்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். பால் கணக்கு எழுத வாங்கிய நோட்டு அது. முதல் மூன்று பக்கம் பால், அதற்கப்புறம் முழுக்க ஓட்டம். இந்த ஜனவரி முடிய 4,330 கிலோமீட்டர். அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு 47 வயது. வீடு வேலூர் சத்துவாச்சாரியில், வேலை ராணிப்பேட்டையில். தோல் ஷூ தயாரிக்கும் இடத்தில் செக்கிங் பார்க்கிறேன். அதாவது நாள் முழுக்க அடுத்தவன் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் பிழைப்பு.

2019 ஆகஸ்டில் கம்பெனியில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய். “வாசல்ல வந்து நிக்குது, உள்ள கூப்பிடாதீங்க” என்றார் டாக்டர். மறுநாளே கோட்டைக்கு நடக்கப் போனேன். அகழி ஓரமாக நான் மூச்சு வாங்கிக்கொண்டு நடக்க, புடவையைத் தூக்கிச் செருகிய ஆயாக்கள் நான்கு பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். அந்த ரோஷத்தில்தான் முதன்முதலாக ஓடினேன். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை. அப்புறம் இரண்டு கம்பம் நடை.

இப்படியே ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று போய், நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட நான்கு மாதம் ஆனது. 2020 ஜனவரியில் முதல் 10 கிலோமீட்டர், 1 மணி 18 நிமிஷம். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மொட்டை மாடியில் பதினைந்து தப்படிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பி ஓடினேன். அதில் முட்டி வலிதான் மிச்சம். அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

ஷூ விஷயத்துக்கு வருகிறேன். தொழில் தெரிந்தவன் என்ற திமிரோடு வாங்கினேன், அதற்கான தண்டனையும் கிடைத்தது. முதல் ஜோடியை என் வழக்கமான சைஸிலேயே எடுத்தேன். தோல் ஷூ என்றால் அது சரி, போகப்போகக் காலுக்கு ஏற்றபடி நெகிழ்ந்து கொடுக்கும். ஓடும்போது கதை வேறு. ரத்தம் இறங்கிப் பாதம் உப்பும், ஒவ்வொரு அடிக்கும் விரல் முன்னால் போய் முட்டும். இரண்டு மாதத்தில் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. இப்போதெல்லாம் சாயங்காலம் கடைக்குப் போய், ஓடும்போது போடுகிற அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து, விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டுத்தான் எடுக்கிறேன். செருப்பிலேயே வளர்ந்த எனக்கு முன்பாதம் அகலம். அதனால் அகல லாஸ்டில், அதாவது ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற கால் அச்சில், செய்ததா என்று கேட்டு வாங்குகிறேன். கடைப் பையனுக்கு லாஸ்ட் என்றால் என்னவென்று தெரியாமல் விழித்தால், உள்ளே பாதம் படுகிற தகடான இன்சோலை வெளியே உருவி அதன் மேல் ஏறி நின்று பார்ப்பேன். பாதம் ஓரத்தில் பிதுங்கினால் அந்த ஷூ வேண்டாம்.

லேஸ் கோக்கிற ஓட்டைகளில் கணுக்கால் பக்கத்தில் ஒன்று தனியாக, சும்மா இருப்பது போல இருக்கும். அது அழகுக்கு வைத்ததில்லை. லேஸை வெளியிலிருந்து அதே பக்க ஓட்டைக்குள் விட்டு ஒரு வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் அசையாமல் உட்காரும். இறக்கத்தில் விரல் முட்டுவது பாதி குறையும். இத்தனை வருஷம் அந்த ஓட்டைக்குச் செக்கிங் போட்டவன் நான். எதற்கு என்று யோசித்ததே இல்லை.

இரண்டாவது ஜோடி 290 கிலோமீட்டரில் செத்தது. கொன்றது நான். 2021 ஏப்ரலில் துவைத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் மதிய வெயிலில் வைத்துவிட்டு மறந்து போனேன். சாயங்காலம் எடுத்தால் முன்னால் சோல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சோல் ஒட்டுகிற பசையைச் சூடு காட்டித்தான் இளக்கி ஒட்டுவோம். அதே சூடு மறுபடியும் பட்டால் பிடி விடும். கம்பெனியில் புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். அன்றிலிருந்து இன்சோலை உருவிவிட்டு, உள்ளே பழைய தினத்தாள் திணித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் வைக்கிறேன்.

அப்புறம் வந்த நான்கு ஜோடியும் 700-க்கு மேல் உழைத்தன. விலை அதிகமானது அதிகம் உழைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சோலின் அடியைப் பார்த்து ஷூவை எடை போடாதீர்கள். அடி ரப்பர் புதிது போல இருக்கும், நடுவில் இருக்கும் நுரை செத்திருக்கும். அந்த நுரைக்குள் காற்றடைத்த சின்னச் சின்ன அறைகள் உண்டு. மிதிபட்டு மிதிபட்டு அறைச் சுவர்கள் மடங்கிவிட்டால் பழையபடி எழும்பாது. குதிகாலுக்குக் கீழே, நுரையின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். படுக்கைவாட்டில் சுருக்கக் கோடுகள் விழுந்து, அழுத்திய இடம் கட்டை மாதிரி இருந்தால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. அதற்கு முன்பே கெண்டைக்கால் சொல்லிவிடும்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், மற்ற மூன்றும் அப்படியேதான். ஓடுகிறவனுக்கு இதில் மரமில்லாத மலைதான் வினை. பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரியெல்லாம் அனலை விடும். அக்னி நட்சத்திரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே 28, 29 டிகிரி இருக்கும்.

முதல் இரண்டு கோடையிலும் மே மாதத்தில் என் வேகம் குறைவதைப் பார்த்து, ‘சோம்பேறி ஆகிவிட்டேன்’ என்று நினைத்து இன்னும் முக்கி ஓடினேன். ஒருநாள் சர்வீஸ் ரோட்டில் தலை சுற்றி, பூட்டிய பங்க்சர் கடை வாசலில் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் ஓடி வந்து தண்ணீர் தெளித்தார். வேர்வையும் சட்டையில் வெள்ளைக் கோடாக உப்பும் போனதை வெறும் தண்ணீர் மட்டும் குடித்து ஈடுகட்டப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் ஓ.ஆர்.எஸ். வாங்கி, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைக் கால் லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடித்து, வயிறு கலங்கி வீட்டுக்கு ஓடியது தனிக்கதை. அன்று நல்ல வேகம்.

இப்போது கோடை தொடங்கும்போது இரண்டு வாரம் வேகத்தைப் பார்ப்பதே இல்லை. உடம்பு சூட்டுக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். ரத்தத்தில் நீர்ப்பங்கு கூடுகிறது, வேர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்குகிறது. ஓடி வந்ததும் உப்புப் போட்ட மோர், அரைமணி கழித்துக் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும். ஓட்டக்காரர்கள் தெம்புக்குச் சாப்பிடும் ஜெல்லைக் கடையில் இரண்டு முறை வாங்கினேன். பசை சாப்பிடுவது போல இருந்தது. பசை கம்பெனியில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

கையில் கட்டும் கடிகாரம் 2021-ல் வாங்கினேன். தூரம் காட்டுவதில் குறையில்லை. நாடித்துடிப்பை மட்டும் கண்ணை மூடி நம்பாதீர்கள். பட்டை தளர்வாக இருந்தால் துடிப்புக்குப் பதில் நம் காலடியை எண்ணிக்கொண்டிருக்கும். நிதானமாக ஓடும்போது 165 என்று காட்டியதைப் பார்த்து ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றதும் சடாரென்று 120. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே இறுக்கிக் கட்டினால் ஓரளவு சரியாகிறது. என் உடல்திறனுக்கு அது போடும் மதிப்பெண் மே மாதத்தில் இறங்கும், மார்கழியில் ஏறும். வெயிலில் இதயம் கூடுதலாக அடிப்பதை அது என் பலவீனமாக எழுதிக்கொள்கிறது.

பலவீனம் என்றால் 2023-தான். அதற்கு முந்தைய வருஷம் 1,050 கிலோமீட்டர் ஓடினேன். டிசம்பரில் 10 கிலோமீட்டரை 54 நிமிஷம் 40 விநாடியில் முடித்தேன். நோட்டில் அந்த எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். ஜனவரியில் சென்னைக்குப் போய் அரை மராத்தான், 21.1 கிலோமீட்டர், 2 மணி 11 நிமிஷம். இங்கே வேர்வை காய்ந்து உப்பாகும். அங்கே காயவே காயாது, சட்டை ஈரச்சாக்கு மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது. இந்த ஓட்டத்துக்காக வாரம் 22 கிலோமீட்டரிலிருந்து ஒரே மாதத்தில் 38-க்குப் போயிருந்தேன். அதுவும் தினமும் ஒரே வேகம். மெதுவாகவும் இல்லாமல் வேகமாகவும் இல்லாமல், மூச்சிரைக்க ஓர் இரண்டுங்கெட்டான் ஓட்டம்.

பிப்ரவரியில் ஒரு காலை, கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியில் குதிகாலில் ஆணி இறங்கியது போல ஒரு வலி. பத்து அடி நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் திரும்பும். “இன்னாங்க, பூனை மாதிரி நடக்கறீங்க?” என்றாள் மனைவி. ஓர் இடத்தில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி போட்டுவிடலாம் என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், முக்கால் மணி நேரம் நடக்க விட்டுப் பார்த்து, ஒரே ஒரு பயிற்சி கொடுத்தார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, குதிகாலை மெதுவாக இறக்கி மெதுவாக ஏற்ற வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று மாதம். இவ்வளவுதானா என்று அலுப்பாக இருந்தது. வேலை செய்தது. அந்த வருஷக் கணக்கு 430 கிலோமீட்டர்.

மறுபடி ஓடத் தொடங்கியபோது அந்த பிசியோதெரபிஸ்ட் போட்ட நிபந்தனை, பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில்தான் பெரும்பாலும் ஓட வேண்டும் என்பது. எனக்கு அது கிலோமீட்டருக்கு 7 நிமிஷம் 20 விநாடி. முதலில் வெட்கமாக இருந்தது. பாலாற்றுப் பாலத்தில் சைக்கிள்காரர் ஒருவர் “இன்னா சார், நாய் தொரத்தலையா இன்னைக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். நாய் துரத்தினால் ஓடக்கூடாது, நின்று நடக்க வேண்டும் என்பதும் இந்த ஆறரை வருஷத்தில் கற்றதுதான். பாடம் நடத்தியது விருதம்பட்டு நாய்கள்.

பாலம் என்றதும் 2021 நவம்பர் ஞாபகம் வருகிறது. வழக்கமாக அந்தப் பாலத்தில் ஓடினால் கீழே மணலும் சீமைக்கருவேலமும்தான். அன்று பாதி தூரம் வருவதற்குள் காதில் ஓர் இரைச்சல். கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிறவர், பள்ளிப் பிள்ளைகள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர், “பாத்துக்கோ, அப்பறம் எப்ப வருமோ” என்று பேரனைத் தூக்கிக் காட்டினார். கடிகாரத்தை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. நோட்டில் அன்றைக்கு 3.2 கிலோமீட்டர், ஆன நேரம் 1 மணி 40 நிமிஷம். ஓரத்தில் ‘ஆத்துல தண்ணி’ என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவு மோசமான வேகம் நோட்டில் வேறு எங்கும் இல்லை.

சரி, அண்ணன் கேட்டதற்கு எண்ணிலேயே பதில் சொல்கிறேன். எடை 79-லிருந்து 72 வரை போய் இப்போது 74. ஓய்வு நேர நாடித்துடிப்பு 78 இருந்தது, இப்போது 60. சர்க்கரை 6.1-லிருந்து 5.6-க்கு இறங்கி, போன முறை 5.8. ஓடினால் எதையும் சாப்பிடலாம் என்று ஆம்பூர் பிரியாணியிலும் ஆற்காடு மக்கன் பேடாவிலும் நான் காட்டிய தாராளத்துக்கு அந்த 0.2. பத்து கிலோமீட்டர் போன மாதம் 59 நிமிஷம். சிவப்பு வட்டத்தை விட நான்கு நிமிஷத்துக்கு மேல் அதிகம். ஆனால் 2024-ல் 760, 2025-ல் 790 கிலோமீட்டர், இரண்டு வருஷத்திலும் வலியால் ஒருநாள்கூட விடவில்லை. அந்த வட்டத்தை இனி எட்டுவேனா என்றால், மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஒருகாலத்தில் அது உறுத்தியது.

பழைய ஜோடிகளில் ஒன்று எங்கள் தெரு ஏ.டி.எம். வாட்ச்மேன் தாத்தா காலில் இருக்கிறது. ஓட்டத்துக்குத்தான் செத்த ஷூ, நிற்பதற்கு இல்லை. ஏழாவது ஜோடி 612-ல் இருக்கிறது. இன்று காலை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், இடது கால் எழும்புகிறது, வலது கால் கொஞ்சம் யோசிக்கிறது. ஏப்ரல் வரை தாங்கும். மே மாதம் எப்படியும் பாதிதான் ஓடப் போகிறேன், புதியதை ஜூனில் எடுத்துக்கொள்ளலாம்.