ஏழு மணிக் கட்டா, பெரியவர் துணையா?

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னி ஊர்க் கூட்டத்தில் இரண்டு யோசனை வந்தது. ஒன்று, 18 வயதுக்குட்பட்டவர்கள் இரவு 7 மணிக்குப் பிறகு சந்தியில் நிற்கக் கூடாது. மற்றது, நேரக் கட்டு வேண்டாம், பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும்.

முதலாவது சொல்ல லேசு. ஆனால் ரியூசன் முடிந்து வரும் பிள்ளை 7.20க்குத்தான் சந்திக்கு வரும், சைக்கிளில் காற்றும் போயிருக்கும். அதை யார் மறிப்பது? ஊர்ச் சங்கத்துக்குப் பொலிஸ் அதிகாரம் இல்லை. 'ஊரடங்கு' என்ற சொல்லே எங்கள் சனத்துக்குக் கசப்பு.

இரண்டாவதில் ஓட்டை உண்டு: 19 வயது அண்ணனும் பெரியவர்தானே! சரி, பயம் சிகரெட்டும் சாராயமும் என்றால், அவற்றை 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. முதலில் கடையைப் பாருங்கள் என்பேன்.

யானை இறங்கும் காட்டோரப் பாதைக்கு மட்டும் நான் நேரக் கட்டின் பக்கம். மார்கழியில் அங்கே ஆறரைக்கே இருட்டு.