மூன்று ராக் ஆல்பங்கள்: மூத்த குழுக்கள் இரண்டும் இளைய குழு ஒன்றும்

2025 பிப்ரவரியில் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதை ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' பெற்றது. அறுபது ஆண்டுகளைக் கடந்தும் இயங்கிவரும் அந்தக் குழுவோடு, 2019இல்தான் முதல் ஆல்பத்தை வெளியிட்ட டப்ளின் இளைஞர்களான ஃபான்டெய்ன்ஸ் டி.சி. குழுவின் 'ரொமான்ஸ்' அதே பட்டியலில் போட்டியிட்டது. இவ்விரண்டோடு, மற்றொரு மூத்த குழுவான க்யூர் 2024 நவம்பர் 1 அன்று வெளியிட்ட 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' ஆல்பத்தையும் வைத்துக் கேட்டால், மூத்தவர்கள், இளையவர்கள் என்று கோடு கிழித்துப் பேசுவதில் உள்ள குறை விளங்கும். என் தரவரிசையில் க்யூர் முதலிடத்திலும் 'ரொமான்ஸ்' இரண்டாமிடத்திலும் இருக்கின்றன. விருது பெற்ற ஆல்பத்துக்கு மூன்றாமிடம்தான்.

'ஹாக்னி டயமண்ட்ஸ்' 2023 அக்டோபரில் வந்தது. சொந்தப் பாடல்களைக் கொண்ட ஆல்பம் ஒன்றை ஸ்டோன்ஸ் வெளியிட்டு அப்போது பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் 2021இல் மறைந்திருந்தார். எண்பது வயதில் மிக் ஜாகர் இத்தனை கூர்மையாகப் பாடுவது வியப்புக்குரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் எல்லாக் கருவிகளையும் ஒரே உரப்பில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். கிட்டார்களுக்கு இடையே காற்று புகும் இடைவெளியும், டிரம்ஸ் சற்றே பின்தங்கி வரும் தளர்வும் இந்தக் குழுவின் பழைய பதிவுகளுக்கு உயிராக இருந்தவை. அவை இங்கே பெரும்பாலும் இல்லை. வாட்ஸ் இறப்பதற்கு முன் வாசித்த இரண்டு பாடல்களில் மட்டும் அந்த நடை திரும்பி வருவதைக் கேட்கும்போது இழப்பின் அளவு புரிகிறது. லேடி காகாவும் ஸ்டீவி வொண்டரும் பங்கேற்ற 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்' ஏழு நிமிடங்களுக்கு மேல் நீண்டு, முடிந்துவிட்டதாக எண்ணவைத்து மீண்டும் எழும் இடம் சிறப்பானது. மற்றப் பாடல்களில் பலவும் வயதை மறைக்கும் அவசரத்தில் ஓடுகின்றன.

அவசரம் 'ரொமான்ஸ்' ஆல்பத்திலும் உண்டு. அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. பாடகர் க்ரியன் சாட்டன் லண்டனின் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்தில் திடீர்ப் பீதிக்கு ஆளான அனுபவத்திலிருந்து 'ஸ்டார்பர்ஸ்டர்' பிறந்தது. வரிகளுக்கிடையே அவர் பலமாக மூச்சை உள்ளிழுக்கும் ஒலி பாட்டின் தாளமாகவே மாறிவிடுகிறது. தொண்டையையும் நுரையீரலையும் இப்படிக் கருவியாக்கும் துணிவு அண்மைக்கால ராக் இசையில் அரிது. முதல் மூன்று ஆல்பங்களுக்குத் தயாரிப்பாளராக இருந்த டான் கேரியை விட்டு ஜேம்ஸ் ஃபோர்டுடன் சேர்ந்ததால் ஒலி விரிந்திருக்கிறது. 'இன் த மாடர்ன் வேர்ல்ட்' பாடலில் தந்தி வாத்தியங்கள் அகன்று சூழ்கின்றன. ஆயினும் ஒவ்வொரு பாடலும் வெவ்வேறு பாணியை முயல்வதால், நடுப்பகுதியில் ஆல்பத்தின் பிடி தளர்கிறது.

க்யூர் ஆல்பத்தில் எட்டே பாடல்கள்தான் இருக்கின்றன. பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த ஆல்பம், கேட்பவரை உடனே வசப்படுத்தும் பதற்றம் சிறிதுமின்றித் தொடங்குகிறது: முதல் பாடலான 'அலோன்' மூன்று நிமிடங்களுக்கு மேல் இசையாகவே நகர்ந்த பிறகுதான் ராபர்ட் ஸ்மித்தின் குரல் வருகிறது. அந்த நீண்ட முன்னிசையில் சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார் அடியில் கனமாக உருள, டிரம்ஸ் ஒவ்வொரு அடியையும் தனித்தனியே வைக்கிறது. குரல் வரும்போது, பாடல் எதைப் பற்றியது என்பதை நம் செவி முன்பே அறிந்திருக்கும். அண்ணனின் மரணத்தைப் பற்றி ஸ்மித் எழுதிய 'ஐ கேன் நெவர் சே குட்பை' பியானோவின் எளிய சில சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துத் துயரைக் கட்டுகிறது. அழுத்தமான வார்த்தைகளைத் தேடாமலே பாட்டு நெஞ்சை அடைக்கிறது. முதுமையையும் இழப்பையும் மறைக்காமல் அவற்றையே பாடுபொருளாக்கிய இந்த நிதானம் இருபத்தைந்து வயதுக் குழுவுக்கு எளிதில் வாய்க்காது. ஸ்மித்தின் குரல் மட்டும் இளமையாகவே இருப்பது அந்தத் துயரை இன்னும் கூர்மையாக்குகிறது.

மூன்று ஆல்பங்களின் கடைசிப் பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல சோதனை. 'ரொமான்ஸ்', 'ஃபேவரிட்' என்ற ஒளிமிக்க கிட்டார் பாடலோடு முடிகிறது. அதுவரை சேர்ந்த இறுக்கத்தை அது அழகாகத் தளர்த்துகிறது. க்யூரின் 'எண்ட்சாங்' பத்து நிமிடங்களைத் தாண்டுகிறது, குரலோ ஆறு நிமிடங்களுக்குப் பிறகே வருகிறது; ஒரு நிமிடத்தையும் நான் வெட்ட விரும்பமாட்டேன். ஸ்டோன்ஸ் குழு, தனக்குப் பெயர் தந்த மடி வாட்டர்ஸின் பழைய ப்ளூஸ் பாடலை எடுத்துக்கொள்கிறது. ஜாகரும் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸும் மட்டுமே இருக்கிறார்கள். ஹார்மோனிகாவும் கிட்டாரும் குரலும் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. இரண்டு முதியவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து வாசிக்கும் அந்தப் பாடலின் வழியிலேயே ஆல்பம் முழுவதையும் பதிவு செய்திருந்தால், க்யூருக்கு நிகராக அதை வைக்க நான் தயங்கியிருக்கமாட்டேன்.