ஏசிசி சர்வரில் லீக் நடத்துவது: எல்லாம் சரி, அந்த 120 விநாடியைத் தவிர

"லீக் ஆரம்பிக்கிறோம், அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே சர்வரை நம்பலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சுருக்கமாக ஏசிசி; கணினியில் ஓட்டும் கார் பந்தய விளையாட்டு. கிராஃபிக்ஸ், ஃபோர்ஸ் ஃபீட்பேக் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். பந்தயம் நடத்துபவர் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

சர்வருக்கான அமைப்புகளை எழுதும் ஈவென்ட் ஜேசன் கோப்பில் 'செஷன் ஓவர் டைம் செகண்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டபின் எத்தனை விநாடியில் செஷனை (பயிற்சியோ பந்தயமோ) வலுக்கட்டாயமாக மூடுவது என்பதற்கான வரி. நாம் மாற்றாவிட்டால் அதன் மதிப்பு 120. முன்னணி கார் ஒரு விநாடி மீதமிருக்கும்போது கோட்டைத் தாண்டினால் இன்னொரு முழு லேப் ஓட்டியாக வேண்டும். பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ஜிடி3 வகைப் பந்தயக் காருக்கு அது 2 நிமிடம் 18 விநாடி வாக்கில் ஆகும். கணக்கு புரிகிறதா? ஜெயிக்க வேண்டியவரே முடிவுக் கொடியைப் பார்க்காமல் பந்தயம் மூடிக்கொள்ளும். ஸ்பா, சில்வர்ஸ்டோனுக்கு 120 போதாது என்று சர்வர் கையேடே எச்சரிக்கிறது. பிறகு ஏன் அதையே வைத்திருக்கிறார்கள்? 2024இல் வந்த நூர்பர்க்ரிங் 24 மணி டிராக்கில் ஒரு லேப்பே எட்டு நிமிடத்துக்கு மேல்.

லேப் நேரத்தில் 107 சதவீதம் வைக்கச் சொல்கிறது கையேடு. அது முன்னணி காருக்குப் போதும். அதற்குச் சற்று முன்னால் கோட்டைத் தாண்டும், ஒரு சுற்று பின்தங்கிய கார் இன்னொரு சுற்று வர வேண்டுமே! அதனால் இரண்டு லேப் நேரம் வையுங்கள்: ஸ்பாவுக்கு 300. மாற்றியபின் சர்வரை ரீஸ்டார்ட் செய்து, மூன்று நிமிட ரேஸ் ஒன்று ஓட்டிச் சரிபாருங்கள். கோப்பு யூடிஎஃப்-16 எல்இ என்ற எழுத்துக் குறியீட்டு வடிவில்தான் இருக்க வேண்டும். நோட்பேட் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் வேறு தலைவலி. வரியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் சர்வர் வாய் திறக்காது, பழைய மதிப்பிலேயே ஓடும்.

நியாயமாகச் சொன்னால், மற்றதெல்லாம் லீக் நடத்தத் தெரிந்தவர் செய்தது போலிருக்கிறது. 'அலவ் ஆட்டோ டிக்யூ'வை 0 ஆக்கினால் சர்வர் தானாக யாரையும் வெளியேற்றாது. 30 விநாடி ஸ்டாப் அண்ட் கோ (பிட்டில் நின்றுவிட்டுப் போகும் தண்டனை) மட்டும் கொடுக்கும். ரீப்ளே பார்த்துவிட்டு நடுவர் அந்தத் தண்டனையை ரத்து செய்யலாம், இல்லை ஆளையே வெளியேற்றலாம். இந்த ஒரு வசதிக்காகவே பல குறைகளை மன்னிக்கலாம். என்ட்ரி லிஸ்ட் என்ற ஓட்டுநர் பட்டியலில் ஒவ்வொருவரின் ஸ்டீம் கணக்கு எண்ணுக்கு முன்னால் 'எஸ்' சேர்த்து, 'ஃபோர்ஸ் என்ட்ரி லிஸ்ட்' 1 வைத்தால் வெளியாள் நுழைய முடியாது. 'மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்' எண், 'மேக்ஸ் கார் ஸ்லாட்ஸ்' எண்ணைவிட நான்கைந்து கூடுதலாக இருக்கட்டும். வர்ணனையாளரும் நடுவரும் அந்த இடைவெளியில்தான் உட்காருவார்கள்.

'டம்ப் லீடர்போர்ட்ஸ்' 1 என்றால் முடிவுகள் ஜேசனாக வந்துவிடும், நேரம் மில்லிவிநாடியில். லேப்பே முடிக்காதவருக்கு 2147483647 என்று விழும். வடிகட்டாமல் புள்ளிப்பட்டியலில் ஏற்றினால் யாரோ 596 மணி நேரத்தில் ஒரு லேப் போட்டிருப்பார்! பந்தயம் முடிந்தபின் நடுவர் தரும் தண்டனையையும் நீங்கள்தான் கையால் சேர்க்க வேண்டும்.

நம்பலாமா என்றால், இன்றைய மனநிலையில் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. ஆனால் ஜிடி3 லீக்குக்கு வேறு எதையும் பரிந்துரைக்கவும் மாட்டேன். முதல் சுற்றை மான்சாவில் வையுங்கள். அங்கே லேப் 1:48 தான்.