மேக்கில் கூடவே வந்த செயலியா, வெளியார் செயலியா?

தெம்பனிஸில் இருக்கும் என் அக்கா மகன் புதிதாக ஆப்பிளின் மேக் கணினி ஒன்று வாங்கினான். “எல்லாமே உள்ளேயே இருக்கே மாமா, எதுக்கு வெளியே போய்த் தேடணும்?” என்றான். நியாயமான கேள்விதான். ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் வீடியோ. ஊரிலிருந்து வந்த கல்யாண வீடியோ எம்கேவி கோப்பு. மேக்கோடு கூடவே வரும் வீடியோ செயலியான குவிக்டைம் அதைத் திறக்கவே இல்லை. விஎல்சி என்ற வெளியார் செயலி திறந்தது. பாரிஸ் மாணவர்களின் கல்லூரித் திட்டமாகத் தொடங்கி 2001இல் திறமூலமாக (நிரலை யாரும் பார்த்து மாற்றலாம்) வெளிவந்த செயலி அது, இன்றுவரை இலவசம். முகம்தான் பழைய அரசாங்க அலுவலகம் மாதிரி. ஐனா என்ற இன்னொரு வீடியோ செயலியும் இலவசம்தான், பார்ப்பதற்கு மேக்கிலேயே பிறந்தது போல இருக்கும். என் ஓட்டு ஐனாவுக்கு. ஒரு கோப்பு அதிலும் மக்கர் செய்தால் விஎல்சி.

ஜன்னல்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி வைக்க 2024இல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான செக்கோயாவிலேயே வசதி உண்டு. பாதி, கால் என்று போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குத் திரையை மூன்றாகப் பிரிக்க வேண்டும், அதனால் ரெக்டாங்கிள் என்ற வெளியார் செயலி.

முன்பு நகலெடுத்தவற்றைத் திரும்ப எடுத்து ஒட்ட உதவும் வரலாறு ஆப்பிளிடம் 2025இல் டாஹோ பதிப்பில்தான் வந்தது. மாக்கி போன்ற குட்டிச் செயலிகள் அதைப் பல வருடங்களாகக் கொடுத்து வந்தன. இது பழைய கதை. வாட்சன் என்ற வெளியார் செயலி செய்த வேலையை 2002இல் ஆப்பிளின் தேடல் செயலியான ஷெர்லாக் 3 எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இப்படி நடந்தால் ‘ஷெர்லாக் ஆகிவிட்டது’ என்பார்கள். உருவாக்கியவருக்கு வயிற்றெரிச்சல், நமக்கு லாபம்.

தமிழ்த் தட்டச்சில் மட்டும் கூடவே வந்ததே ஜெயிக்கிறது. ஆனால் கதையைக் கேளுங்கள். மேக்கில் இருக்கும் ‘அஞ்சல்’ விசைமுறை மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியிலிருந்து வந்தது. அது மேக்கில் வருவதற்கு முன்னால் கணினியில் தமிழ் வேண்டுமென்றால் இப்படி யாராவது தனியாக உட்கார்ந்து செய்தால்தான் உண்டு. நம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளைச் செய்தார். வெளியார் செயலி என்று யாராவது இளப்பமாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவது இதனால்தான்.

சரி, எங்கே வாங்குவது? ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் விலை சிங்கப்பூர் வெள்ளியில் தெரியும், கணினி மாற்றினாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ரெக்டாங்கிள் அங்கே கிடைக்காது. பெரிய புதுப் பதிப்புக்குப் பழைய வாடிக்கையாளர் என்ற தள்ளுபடிக்கும் அங்கே நேரடி வழியில்லை. உருவாக்கியவரின் தளத்தில் அதற்கு இடமுண்டு. சில செயலிகள் அங்கே இலவசமாகவும் கிடைக்கும், மாக்கி அப்படித்தான். பணம் கட்டினால் பெரும்பாலும் அமெரிக்க டாலரில், வங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். தளத்தின் முகவரியை நிதானமாகப் பாருங்கள். ஒருமுறை அவசரத்தில் விளம்பரப் பொத்தானை அழுத்திவிட்டு, வந்து ஒட்டிக்கொண்ட குப்பையை நீக்க எனக்கு ஒரு சனிக்கிழமையே போனது.

அக்கா மகன் கடைசியில் ஐனா, ரெக்டாங்கிள் இரண்டை மட்டும் போட்டுக்கொண்டான். செலவு பூஜ்யம். கோப்பி மட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன்.