பாவித்த காபன் ரேஸ் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு: போர்க்கைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

2025 மே மாத நடுப்பகுதியில், கண்டிக்கு அருகே வெளிநாட்டிலிருந்து பாவித்த சைக்கிள்களை இறக்கி விற்கும் ஒருவரிடம், காபன் ரேஸ் சைக்கிள் ஒன்றை 380,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் போர்க், அதாவது முன்சில்லைத் தாங்கும் கவை, ஏற்கெனவே வெடித்து, உள்ளே வேறொரு குழாய் செருகி ஒட்டப்பட்டு, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து மறைக்கப்பட்டிருந்தது என்பது, பத்து வாரங்கள் கழித்து, இறம்பொடைக்கு இறங்கும் வழியில்தான் எனக்குத் தெரியவந்தது. அதே வகைச் சைக்கிளைத் தேடிக்கொண்டிருக்கும் மலையகத்து இளைஞர்களும், அவர்களுக்குக் காசு சேர்த்துக் கொடுக்கும் பெற்றோரும் நடந்ததை முழுமையாக அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் விற்றவரின் பெயரை எழுதவில்லை.

சைக்கிளை எனக்காக வாங்கவில்லை. அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது. தோட்டத்துச் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில், கியர் இல்லாத பழைய லுமாலா சைக்கிளில் ஓடி, இரண்டு வருடம் தொடர்ந்து முதலாவதாக வந்தவன். ஜூலை மாதம் பிறந்துவிட்டால், பிரான்ஸில் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் கட்டங்கள் நம்முடைய நேரத்துக்கு இரவு ஒன்பது மணியை ஒட்டி முடியும் போது, என் கைத்தொலைபேசியை நடுவில் வைத்து இருவரும் பார்ப்போம். ஸ்லோவேனிய வீரர் போகச்சார் ஏற்றத்தில் எல்லோரையும் விட்டுவிட்டுப் போவதைக் காட்டிலும், இறக்கத்தில் அவர் வளைவுக்குள் சாய்ந்து நுழையும் விதத்தையே அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பான். அவனுக்கு ஒரு நல்ல சைக்கிள் கிடைத்தால் மாகாணப் போட்டிகளில் நிற்பான் என்று நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

2025 இல் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,350 ரூபாய் என்றால், 380,000 ரூபாய் என்பது அக்கா ஏறக்குறைய 281 நாள் கொழுந்து பறித்து, அதில் ஒரு சதமும் செலவழிக்காமல் வைத்திருந்தால் சேரும் தொகை. அவர் கட்டிய சீட்டுக் காசு ஒரு பங்கு. என் ஆசிரியச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது மற்றப் பங்கு. இதையெல்லாம் விற்பவரிடமும் சொன்னேன். “பொடியன் ஓடுறதுக்குத்தானே சேர், நம்பி எடுத்துக்கிட்டுப் போங்க, ஒருக்கா கூட விழாத சாமான்” என்று அவர் சொன்னார். பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் இதில் ஏறி மலையிறங்கப் போகிறான் என்று தெரிந்துகொண்டே அதைச் சொன்னார் என்பதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் ஒன்றும் பார்க்காமல் வாங்கியவன் அல்லன். பிரேமை விளக்கு வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். கியர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். சங்கிலியின் தேய்மானத்தை அளந்தேன். அங்கிருந்த தராசில் தொங்கவிட்டபோது 7.9 கிலோ காட்டியது. சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சீ.ஐ. போட்டிச் சைக்கிள்களுக்கு 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று வைத்திருக்கும் விதியை அறிந்திருந்ததால், அதற்கு இவ்வளவு நெருக்கமான எடையைக் கண்டதும் மனம் இளகிவிட்டது. பிரேமில் யூ.சீ.ஐ.யின் அங்கீகார முத்திரையும் இருந்தது. 2011 இலிருந்து நடைமுறையில் இருக்கும் அந்த முத்திரை, அந்த மாதிரிப் பிரேமின் வடிவமைப்பைப் பந்தயத்துக்கு ஏற்றுக்கொண்டோம் என்று மட்டுமே சொல்லும். நம் கையில் இருக்கும் சைக்கிள் எத்தனை முறை விழுந்தது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. விற்பவர் அதை விரலால் தொட்டுக் காட்டி, “இது போதாதா சேர்” என்று கேட்டபோது நான் தலையாட்டினேன். ஓட்டிப் பார்க்கக் கேட்டதற்கு, கடைக்கு முன்னால் இருந்த சமதரை ஒழுங்கையில் மட்டும் விட்டார். சற்றுத் தள்ளி இருந்த சரிவுக்குப் போக வேண்டும் என்றதும், பஸ் போக்குவரத்து அதிகம் என்று மறித்துவிட்டார்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது சைக்கிள் பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஜூன் மாத இறுதியில்தான், முன் பிரேக்கைப் பிடிக்கும்போது ஹேண்டிலுக்குக் கீழே, தலைப்பகுதியில் ‘டக்’ என்ற ஒரு சத்தம் தொடங்கியது. பெயாரிங் தளர்ந்திருக்கும் என்று எண்ணி, மேல்மூடியின் ஆணியை இறுக்கினேன். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் திரும்ப வந்தது. மறுபடியும் இறுக்கினேன். இப்படி நான்கு வாரம் போயிற்று. இது என்னுடைய தவறு. ஒரு முறை இறுக்கியும் திரும்ப வரும் சத்தம் பெயாரிங்கின் சத்தமாக இருக்காது என்பதை அப்போதே உணர்ந்து, போர்க்கைக் கழற்றியிருக்க வேண்டும்.

ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு பாரிஸில் டூர் முடியவிருந்தது. காலையில் நுவரெலியாவிலிருந்து கண்டி வீதியில் இறங்கினேன். மழை விட்டிருந்தாலும் பாதை காயவில்லை. லபுக்கலைத் தோட்டத்தைத் தாண்டியதும் பனிமூட்டம் கீழிருந்து ஏறி வந்தது. ஒரு கொண்டைவளைவை நெருங்கியதும் முன் பிரேக்கைப் பிடித்தேன். வழக்கமான ‘டக்’ கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, முன்சில்லு எனக்குக் கீழே பின்னோக்கி மடிவது போல ஒரு மென்மை கையில் தெரிந்தது. ஹேண்டில் ஓரிடத்திலும் சில்லு ஓரிடத்திலுமாக இருப்பது போன்ற அந்த உணர்வை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முன் பிரேக்கை விட்டுவிட்டு, பின் பிரேக்கை மட்டும் பிடித்து, மலைப்பக்கத்து வடிகாலோரப் புல்லில் சில்லை உரசவிட்டு நிறுத்தினேன். இறங்கி நின்று, முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தேன். பிரேமில் போர்க் நுழையும் தலைக்குழாயின் அடியில் வைத்திருந்த விரலுக்கு, ஒரு அரிசி மணியளவு இடைவெளி திறந்து மூடுவது தெரிந்தது. மரக்கறி ஏற்றுவதற்காக மேலே வந்துகொண்டிருந்த வெற்று லொறியொன்றைக் கைகாட்டி நிறுத்தி, சைக்கிளை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குத் திரும்பினேன்.

எனக்குத் தெரிந்த, சைக்கிள் திருத்தும் பாஸ் ஒருவர் அன்று கடையைத் திறந்திருந்தார். மேல்மூடியைக் கழற்றி, ஹேண்டிலைத் தூக்கி ஓரமாக விட்டு, போர்க்கைக் கீழே உருவினார். போர்க்கின் மேற்புறத்தில் தலைக்குழாய்க்குள் நிற்கும் தண்டு முழுவதும் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கால்களும் சேரும் கழுத்துக்குச் சற்று மேலே, நான்கு விரல் அகலத்துக்கு, அந்தக் கறுப்பு பளபளப்பில்லாமல் மங்கிக் கிடந்தது. பாஸ் ஒன்றும் பேசாமல் கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்டினார். பெயின்ட் தோலாக உரிந்தது. அதன் கீழே சாம்பல் நிறப் புட்டி, புட்டிக்குக் கீழே குழாயைச் சுற்றி முக்கால் வட்டம் ஓடிய வெடிப்பு. தண்டின் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தபோது, அலுமினியக் குழாய்த் துண்டொன்று பசை வைத்துச் செருகப்பட்டிருந்தது. அதன் விளிம்பெங்கும் உப்புப் பூத்தது போல வெள்ளைத் தூள். காபனும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். நம் மலைநாட்டு ஈரத்தில் கேட்கவே வேண்டாம். பிறகு பாஸ் இரண்டு ரூபாய்க் குற்றியொன்றை எடுத்துத் தண்டின் மேல்முனையில் தட்டினார். கூர்மையான, தெளிவான சத்தம் வந்தது. மங்கிய இடத்தில் தட்டினார். ஈர மரத்தில் தட்டியது போல மந்தமாக ஒலித்தது.

இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடிக்கும் போதெல்லாம், நம் உடலின் பாரம் முன்னால் சரிந்து, போர்க்கைப் பின்னோக்கி மடக்கப் பார்க்கிறது. அந்த விசை முழுவதும் கழுத்துக்கு மேலுள்ள அந்தச் சில சென்றிமீற்றரில்தான் குவிகிறது. இரும்புப் போர்க்குகளின் காலத்தில் கதை வேறாக இருந்தது. 1913 டூரில் பிரெஞ்சு வீரர் யூஜின் கிறிஸ்தோப் டூர்மலே மலையில் போர்க் முறிந்து, சைக்கிளைச் சுமந்து பல கிலோமீற்றர் நடந்து இறங்கி, ஒரு கொல்லுலையில் தன் கையாலேயே அதை ஒட்டவைத்துத் தொடர்ந்து ஓடினார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதியதற்காக அவருக்குத் தண்டனையும் கொடுத்தார்கள். உருக்கை நெருப்பில் காட்டி மீட்கலாம். இழை அறுந்த காபனை உலையில் வைக்க முடியாது. தண்டுப் பகுதியை ஒட்டி மீட்டேன் என்று யார் சொன்னாலும் அதை மலைப் பாதையில் நம்பக்கூடாது. தொழில்முறைப் பந்தயத்தில், கூடவே பொறியாளர்கள் வரும் அணிகளிலேயே தண்டு முறிந்திருக்கிறது: 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தில், முன்னதாக ஒரு முறை விழுந்து எழுந்த அமெரிக்க வீரர் ஜோர்ஜ் ஹின்காபியின் அலுமினியத் தண்டு பின்னர் கல்பாவிய பாதையில் முறிந்து, ஹேண்டில் கையோடு வந்து, அவர் தோளில் காயம்பட்டார். முதல் விழுகையில் பட்ட அடி வெளியே தெரியாமல் உள்ளேயே இருந்திருக்கிறது.

பாஸ் தட்டிக் காட்டியதை அன்று மாலை மருமகனிடம் காட்டினேன். போர்க்கைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான். “மாமா, போன ஞாயிறு அதே இறக்கத்தில நான் அறுபதில போனேனே” என்றான். அக்கா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவு நாங்கள் பாரிஸ் கட்டத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் விற்றவரை அழைத்தேன். முதலில், நான் சைக்கிளை விழுத்திவிட்டுப் பழி போடுவதாகச் சொன்னார். உள்ளே செருகிய குழாயின் படத்தை அனுப்பியதும், சரக்கு அப்படியே வந்தது, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். மூன்றாவது அழைப்பில், போர்க்கைத் திருப்பிக் கொடுத்தால் 40,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அந்தப் போர்க் இன்னொரு சைக்கிளில் ஏறும் என்று தோன்றியதால் நான் சம்மதிக்கவில்லை. அவர் தந்த பற்றுச்சீட்டில் ‘பாவித்த சைக்கிள் 1’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பிரேமின் இலக்கமோ, விழாத சைக்கிள் என்ற வாக்குறுதியோ எழுதப்படவில்லை. எழுதித் தரும்படி வற்புறுத்தியிருந்தால் இன்று என் கை இன்னும் வலுவாக இருந்திருக்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்பதை அறிந்து, ஓகஸ்ட் முதல் வாரத்திலேயே படங்களோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. காலம் கடத்தினால் உரிமை போய்விடும். விற்றவர்கள் ‘அடுத்த கிழமை பார்ப்போம்’ என்று இழுப்பதன் காரணமும் இதுவாகவே இருக்கலாம்.

வாங்கப் போகிறவர்கள் 4, 5 மில்லிமீற்றர் அலன் சாவிகளைக் கையோடு கொண்டுபோங்கள். விலை பேசுவதற்கு முன், போர்க்கைக் கழற்றிக் காட்டும்படி கேளுங்கள். பத்து நிமிட வேலைதான். தண்டின் நிறம் முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறதா, உள்ளே கூடுதலாக ஏதேனும் செருகப்பட்டிருக்கிறதா, நாணயத்தால் தட்டும்போது சத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். கழற்ற மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஷிமானோவின் 11 கியர் அல்டெக்ரா, டியூரா ஏஸ் பெடல் கிராங்குகள் இருந்தால், அவற்றின் பின்புறத்துக் குறியீட்டையும் பாருங்கள்: 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை செய்யப்பட்ட சில மாதிரிகளில் ஒட்டு விட்டுப் பிரியக்கூடும் என்று 2023 இல் அந்நிறுவனமே அறிவித்தது. எங்களுடைய கிராங்கும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். பாஸ் சோதித்ததில் பிரிவு ஏதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மே மாதம் நான் போயிருந்தபோது அந்த இடத்தில் மேலும் இரண்டு காபன் சைக்கிள்கள் இருந்தன. ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை. பிரேம்கள் பளபளத்தாலும், இரண்டின் போர்க்குகளும் மங்கிய கறுப்பில் இருந்ததை அன்று எடுத்த படங்களில் இப்போது காண்கிறேன். அன்று அதைப் பாணி என்று நினைத்தேன். மே மாதத்துக்குப் பின் கண்டிப் பக்கத்தில் அப்படியொரு சைக்கிளை வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து இனி ஓர் இறக்கத்திலும் அதில் இறங்க வேண்டாம். முதலில் ஒரு பாஸிடம் கொண்டுபோய்ப் போர்க்கைக் கழற்றச் சொல்லுங்கள்.